பெரியம்மாவின் வீடும் என் பெயரில் இருக்கும் அடகுச் சிட்டையும்

கடிதத்தின் சுருக்கம்

மட்டக்களப்பு நகரை அடுத்துள்ள சுனாமி வீட்டுத் திட்டம் ஒன்றிலிருந்து 43 வயதான சகோதரி ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விலக்கிவிட்டு, விடயத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

கணவர் மேசன் வேலை செய்பவர். சகோதரி வீட்டிலிருந்து தைத்துக் கொடுக்கிறார். பக்கத்து வீட்டில் 78 வயதான விதவைத் தாயொருவர் தனியே வசிக்கிறார். இரத்த உறவு எதுவும் இல்லை. ஆனாலும் குடிவந்த நாளிலிருந்து 'பெரியம்மா' என்றே அழைத்துப் பழகியவர்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோது பெரியம்மா தன் கணவரையும், சீதனமாகக் கொடுத்த வீட்டில் குடியிருந்த இளைய மகளையும் ஒரே காலையில் இழந்தார். மகன் சுவிஸில் இருக்கிறார். மூத்த மகள் திருகோணமலையில், நோயாளியான கணவரோடு. எட்டு வருடங்களுக்கு முன்னர் பெரியம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து சமையல், மருந்து, கிளினிக், இரவில் துணைக்குப் படுப்பது எல்லாவற்றையும் இந்தச் சகோதரியும் அவருடைய மகளும் மாறி மாறிப் பார்த்து வருகிறார்கள். "எங்கட மதில் கட்டக்குள்ள என்ட மனிசன் ஒரு ஆள் நுழையுற அளவுக்கு இடம் விட்டுத்தான் கட்டினவர். எட்டு வருசமா காலைத் தேத்தண்ணி அந்த வழியாத்தான் போகுது" என்று எழுதியிருக்கிறார்.

மகன் மூன்று வருடங்களாக மாதம் 40,000 ரூபாயை இந்தச் சகோதரியின் வங்கிக் கணக்குக்கு அனுப்பி வருகிறார். கடந்த வருடம் பெரியம்மாவின் கண் சத்திரசிகிச்சைச் செலவுக்காக அவருடைய சங்கிலியும் இரண்டு காப்பும் அடகு வைக்கப்பட்டன. அவரால் வரிசையில் நிற்க முடியாது என்பதால் இவர் தன் அடையாள அட்டையைக் கொடுத்து, தன் பெயரிலேயே அடகு வைத்திருக்கிறார். பெரியம்மா 'இந்த வீடு எனக்குப் பிறகு இவளுக்குத்தான்' என்று ஒரு கொப்பி ஒற்றையில் எழுதிக் கையெழுத்து வைத்து, அயலவர் இருவரிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கித் தந்திருக்கிறார். இந்த வருட மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு ஊர் வந்த மகன், யாரோ சொன்னதைக் கேட்டு, கடப்படியில் நின்று வரிசை வீடுகளெல்லாம் கேட்கும்படி, "அம்மாவைப் பார்க்கிற சாட்டில வீட்டை எழுதி எடுக்கப் பார்க்கிறீங்க" என்று பேசிவிட்டு, மூன்று வருடக் கணக்கைக் கேட்டிருக்கிறார். மதிலில் உள்ள வழியை அடைக்கச் சொல்லியிருக்கிறார். பொலிசுக்குப் போவதாகவும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்.

கொப்பி ஒற்றை செல்லுமா, பத்து வருடம் பராமரித்தால் வீடு சொந்தமாகும் என்று சொல்கிறார்களே அது உண்மையா, பொலிசுக்குப் போனால் என்ன நடக்கும், வழியை அடைக்கச் சொல்ல மகனுக்கு உரிமை உண்டா, பேசாமல் எல்லாவற்றையும் விட்டுவிட்டால் நிம்மதியாக இருக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

பதில்

அன்புள்ள சகோதரி,

உங்கள் எட்டுப் பக்கங்களில் ஆறு பக்கம் வீட்டைப் பற்றியது. அடகுச் சிட்டையைப் பற்றி நான்கு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தரணியாக அதை வாசித்தபோது என் கண் நின்றது அந்த நான்கு வரியில்தான். வீடு எங்கும் போய்விடாது; பெரியம்மா உயிரோடு இருக்கிறார், அதில் அவரே குடியிருக்கிறார். உங்களைச் சிக்கலில் மாட்டக்கூடியவை உங்கள் பெயரில் இருக்கும் சிட்டையும் உங்கள் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கும். ஆகவே நீங்கள் கேட்ட வரிசையை மாற்றிப் பதில் சொல்கிறேன்.

முதலில் நகை

அடகு வைக்கும்போது நகை தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டுதான் வழமையாக ஒருவர் கையெழுத்து வைக்கிறார். நல்லெண்ணத்தில் செய்ததுதான், ஆனால் கடதாசியைப் பார்க்கிற ஒருவருக்கு, பெரியம்மாவின் சங்கிலி உங்களுடையது என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள் என்றுதான் தெரியும். பெரியம்மாவுக்கு ஞாபகம் இருக்கும்வரை அவரே உங்களுக்குச் சாட்சி. அவருடைய ஞாபகம் இப்போது எப்படி இருக்கிறது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: காலையில் உங்கள் மகளுக்குத் தலை வாரிவிடுபவர், மாலையில் "கடலுக்குப் போன மனிசன் இன்னும் வரல்லியே" என்று வாசலைப் பார்த்துக் கொண்டிருக்கிறார். நாளை ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் வந்து "உங்கட சங்கிலி எங்க?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று உங்களாலும் என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை நேர்மையற்ற முறையில் தனதாக்கிக் கொள்வது தண்டனைச் சட்டக் கோவையின்படி நம்பிக்கை மோசடிக் குற்றமாகும். நேர்மையின்மை என்ற அந்த எண்ணம் இருந்தால்தான் அது குற்றம். உங்களிடம் அது இல்லை. சத்திரசிகிச்சைப் பற்றுச்சீட்டின் திகதியும் அடகு வைத்த திகதியும் அடுத்தடுத்து இருப்பதே உங்களுக்குப் பெரிய பலம். ஆனால் எண்ணத்தை நிரூபிப்பதற்குப் பொலிஸ் நிலைய வாங்கிலில் உட்கார்ந்திருக்க வேண்டிய நிலை வருவதற்கு முன்னர் செய்ய வேண்டியவை சில உண்டு.

உங்கள் சொந்தக் காப்பை விற்று, யாருக்கும் தெரியாமல் நகையை மீட்டுப் பெரியம்மாவின் அலுமாரியில் வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நேர்மையான மனம் அப்படித்தான் யோசிக்கும்; ஆனால் பின்னொரு நாள் அது வெளியே வரும்போது, பிழை செய்தவர் பயந்து திருப்பி வைத்ததாகத்தான் தோன்றும். அதோடு, அது உங்கள் கடனும் அல்ல. கண் பெரியம்மாவின் கண், நகையும் அவருடையது.

செய்ய வேண்டியது எதிர்மாறானது. மகனுக்கும் திருகோணமலையில் இருக்கும் மகளுக்கும், இருவருக்கும் ஒரே நாளில், ஒரே சொற்களில் தெரியப்படுத்துங்கள்: இன்ன நகை, சிட்டையில் உள்ள நிறை, இன்ன திகதி, இவ்வளவு தொகை, இன்ன செலவுக்காக. சிட்டையையும் சத்திரசிகிச்சைப் பற்றுச்சீட்டையும் படமெடுத்து அனுப்புங்கள். தொலைபேசியில் பேசினால் மட்டும் போதாது. வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருக்கட்டும், அழிக்காமல் வையுங்கள். மீட்கும் பணத்தை அவர்கள் தரட்டும். மீட்கும் நாளில் மகளை வரச் சொல்லுங்கள். அவர் வர முடியாவிட்டால், உங்களுக்கு உறவில்லாத ஒருவர், கோயில் தர்மகர்த்தா சபையில் இருப்பவர் ஒருவரோ ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரோ, கூட இருக்க நகையைப் பெரியம்மாவின் கையில் கொடுத்து, நிறையைக் குறித்து ஒரு சிறு பற்றுச்சீட்டு எழுதி வாங்குங்கள்.

மூன்று வருடக் கணக்கு

மகன் கணக்குக் கேட்டதை அவமானமாக எடுத்துக் கொண்டிருக்கிறீர்கள். அவர் கேட்ட முறை பிழை; அதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். எட்டு வருடம் தன் தாயின் மலசலம் அள்ளிய ஒருவரைக் கடப்படியில் நின்று அப்படிப் பேசக் கூடாது. ஆனால் கேட்ட விடயம் பிழையல்ல. குறிப்பிட்ட ஒரு தேவைக்கென்று அனுப்பிய பணம் உங்கள் கணக்குக்கு வந்ததால் உங்களுடையதாகிவிடாது. அந்தத் தேவைக்குச் செலவானது என்று காட்டக்கூடிய நிலையில் நீங்கள் இருக்க வேண்டும். 36 மாதம், மாதம் 40,000 என்றால் 1,440,000 ரூபாய். சூரிச்சிலோ பேர்ணிலோ இரவு வேலை முடித்து வந்து அந்தத் தொகையை அனுப்பியவருக்கு அது பெரிய எண்ணாகத்தான் தெரியும். அதில் மாதாமாதம் என்ன மிஞ்சும் என்பது, பால்மா விலையும் மருந்துக் கடை விலையும் தெரிந்த உங்களுக்கும் எனக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது.

1978 நவம்பர் சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை போனபோது, மூன்று கிழமை பக்கத்து வீட்டு அடுப்பில்தான் எங்கள் உலை கொதித்தது என்று என் தாயார் சொல்வார். அதற்கு யாரும் கணக்கு எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை; அந்த உலைக்கு வெளிநாட்டிலிருந்து எவரும் காசு அனுப்பவில்லை.

பற்றுச்சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த டின்னை இன்றே எடுத்து விரியுங்கள். வங்கியில் மூன்று வருடக் கூற்றைக் கேட்டுப் பெறுங்கள். பெரியம்மாவின் கிளினிக் கொப்பியில் ஒவ்வொரு வருகைக்கும் திகதி இருக்கும். ஒவ்வொரு திகதிக்கும் ஒரு முச்சக்கரவண்டிக் கூலி இருக்கும். மின்பட்டியல், தண்ணீர்ப் பட்டியல், பம்பஸ், பிரஷர் குளிசை, பெரியம்மாவின் அஸ்வெசும நலத்திட்ட முதியோர் கொடுப்பனவை எடுத்த நாட்கள் எல்லாவற்றையும் ஒரு சி.ஆர். கொப்பியில் மாதவாரியாக எழுதுங்கள். சீட்டு இருந்தால் 'சீட்டு உண்டு' என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் 'ஞாபகத்திலிருந்து எழுதியது' என்று அதற்கு நேரே குறியுங்கள். கணக்கு நேராக வர வேண்டும் என்பதற்காக ஒரு தொகையையும் இட்டு நிரப்ப வேண்டாம். நீதிமன்றத்தில் நான் பார்த்த கணக்குகளில் சதம் பிசகாமல் நேராக வந்தவைதான் குறுக்கு விசாரணையில் முதலில் உடைந்தவை. உங்கள் வீட்டுச் செலவும் பெரியம்மாவின் செலவும் ஒரே பானையில் கலந்த மாதங்கள் இருந்திருக்கும். இருந்தால் இருந்ததென்றே எழுதுங்கள்.

இனிவரும் மாதங்களுக்கு, மகன் பணத்தைத் தாயின் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்பட்டும். அதிலிருந்து மாதம் ஒரு குறித்த தொகை உங்கள் கணக்குக்கு வரும்படி நிலையியற் கட்டளை ஒன்றை வங்கியில் ஏற்படுத்திக் கொள்ளலாம். அந்தத் தொகையில் ஒரு பகுதி உங்கள் உழைப்புக்கானது என்று வெளிப்படையாக எழுதுங்கள். "கூலி வாங்கினா நான் வேலைக்காரி ஆகிருவன்" என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, ஒரு முதியவரோடு இரவு தங்கிப் பார்ப்பதற்கு மட்டக்களப்பு நகரில் இன்று ஒருவர் என்ன கேட்பார் என்று விசாரித்துப் பாருங்கள். கூலி வாங்கினாலும் அவர் உங்களுக்குப் பெரியம்மாதான். தையல் இயந்திரத்தை மூடிவிட்டு நீங்கள் அங்கே இருந்த மணித்தியாலங்களுக்கு விலை சொல்லாமல் விட்டதுதான், 'இவ்வளவும் செய்ததற்கு வீடாவது கிடைக்காதா' என்ற எண்ணத்தை உங்கள் வீட்டுக்குள்ளும், 'வீட்டுக்காகத்தான் செய்கிறார்கள்' என்ற எண்ணத்தை அயலிலும் வளர்த்திருக்கிறது. கடந்து போன வருடங்களுக்கு இனிச் சம்பளம் கேட்டு வழக்கு வைப்பது, முன்கூட்டி உடன்பாடு எதுவும் இல்லாத நிலையில், வெல்வது கடினம். அதற்கு ஆசைப்பட வேண்டாம்.

கொப்பி ஒற்றையும் வீடும்

அந்தக் கடதாசி சட்டப்படி செல்லாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியையோ வீட்டையோ ஒருவருக்கு நன்கொடையாகக் கொடுப்பதென்றால் நொத்தாரிசு (பத்திரங்களை அத்தாட்சிப்படுத்துபவர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு உறுதி, அதாவது சொத்துப் பத்திரம், முடிக்கப்பட வேண்டும். அதை மரணசாசனமாக (உயிலாக) எடுப்பதென்றாலும், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருந்து கையொப்பமிட்டிருக்க வேண்டும். உங்கள் ஒற்றையில் இருவர்தான். கிராம உத்தியோகத்தரின் முத்திரையை அதில் குத்தி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எத்தனை முத்திரை குத்தினாலும் அது உறுதியாகாது.

பத்து வருடக் கதையும் உங்களுக்குப் பொருந்தாது. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பத்து வருட ஆட்சியை, அதாவது ஒரு சொத்தைத் தன் கைவசம் வைத்திருப்பதை, பற்றிப் பேசுகிறது, உண்மைதான். ஆனால் உரிமையாளருக்கு எதிராக, அவருடைய உரிமையை மறுத்து, இடையறாது வைத்திருக்கும் ஆட்சியைத்தான் அது குறிக்கிறது. பெரியம்மா அழைத்துத்தான் நீங்கள் அந்த வீட்டுக்குள் போகிறீர்கள். அவருடைய அனுமதியோடு அவருக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கிறீர்கள். அப்படி இருபது வருடம் படுத்தாலும் உரிமை பிறக்காது. அரச காணிக்கு எதிராக இந்தப் பத்து வருடக் கணக்கு ஓடவே ஓடாது.

அரச காணி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நாவலடி, டச்பார் போன்ற கரையோர இடங்களிலிருந்து வந்தவர்களுக்காகக் கட்டப்பட்ட சுனாமி வீட்டுத் திட்டங்களில் பல அரச காணியில் எழுந்தவை. பெரியம்மாவின் பெட்டியில் இருப்பது என்ன பத்திரம் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அது நொத்தாரிசு முடித்த உறுதியா, ஜெயபூமி, சுவர்ணபூமி போன்ற அரச அளிப்புப் பத்திரமா, அனுமதிப்பத்திரமா, வெறும் வீடு கையளிப்புக் கடிதமா என்பதில்தான் மற்றதெல்லாம் தங்கியிருக்கிறது.

உறுதிக் காணியாக இருந்தால் பெரியம்மா அதை யாருக்கும் கொடுக்கலாம். தாய் உயிரோடு இருக்கும்வரை மகனுக்கு அதில் பிறப்புரிமை என்று எதுவும் கிடையாது. பிள்ளைக்குக் கட்டாயம் பங்கு வைக்க வேண்டும் என்றும் நமது பொதுச் சட்டம் தாயைக் கட்டுப்படுத்தவில்லை. மகன் அறியாத விடயம் இது. மறுபுறம், அரசின் அனுமதிப்பத்திரக் காணியாகவோ அளிப்புக் காணியாகவோ இருந்தால், 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாத கைமாற்றம் எதுவும் வெற்றுக் கடதாசிதான். பின்னுரித்தாளராக, அதாவது அவருக்குப் பிறகு காணி போய்ச் சேர வேண்டியவராக, உங்களைப் பெயர் குறிக்கச் சொல்லலாம் என்று உங்களுக்கு ஒருவர் சொல்லியிருக்கிறார். அதுவும் முடியாது. வாழ்க்கைத் துணையையோ, அந்தச் சட்டத்தின் அட்டவணையில் சொல்லப்பட்ட உறவினர்களில் ஒருவரையோதான் பின்னுரித்தாளராக நியமிக்கலாம். எவ்வளவு நெருங்கிய அயலவரானாலும் அந்த அட்டவணையில் அவருக்கு இடமில்லை. ஆண்பிள்ளைகளுக்கு முன்னுரிமை தந்து வந்த அந்த அட்டவணை 2022 ஆம் ஆண்டில்தான் திருத்தப்பட்டது. திருகோணமலையில் இருக்கும் மகள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

"நம்மட ஊரில வீடு பெண்பிள்ளைக்குத்தான், மகன் வந்து கேட்க ஏலாது" என்று உங்கள் மாமியார் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வழக்கம் என்ற அளவில் அவர் சொல்வது சரி. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து, மருமகனை அங்கே குடியேற்றி, பெற்றவர்கள் பின்வளவில் சிறு குடிலுக்கு ஒதுங்கிக் கொள்வதை நாமெல்லாம் கண்டு வளர்ந்தோம். முக்குவர் சட்டம் என்று தாய்வழி மரபுரிமைச் சட்டமே இங்கே ஒரு காலத்தில் நடைமுறையில் இருந்தது. 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்த பின்னர் அதற்கு நீதிமன்றத்தில் வேலையில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழருக்கான தேசவழமைச் சட்டமும் நமக்குப் பொருந்தாது. மரணசாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவருடைய உறுதிக் காணியில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. முஸ்லிம் குடும்பங்களுக்கு 1931 ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு என்பதைக் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் இதை வாசிப்பவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

அப்படியானால், உறுதிக் காணியாக இருந்து, பெரியம்மாவும் மனப்பூர்வமாக விரும்பினால் எழுதி வாங்கலாமா? வாங்கலாம் என்று சட்டம் சொல்லும். இப்போது வேண்டாம் என்று நான் சொல்கிறேன். கணவர் கடலிலிருந்து திரும்பி வரவில்லையே என்று மாலையில் தேடுகிற ஒருவரிடம், அவரைப் பராமரிப்பவரே, பிள்ளைகளுக்குத் தெரியாமல் உறுதி முடித்தால், மனத்தெளிவு இருக்கவில்லை, தகாத செல்வாக்குச் செலுத்தப்பட்டது என்ற இரண்டு குற்றச்சாட்டுகளும் அடுத்த நாளே தயாராக இருக்கும். அந்த வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் உங்கள் மகளுக்குத் திருமணமாகும் வரை நடக்கலாம். பெரியம்மாவின் விருப்பம் உறுதியானதாக இருந்தால், அதை அவர் தன் பிள்ளைகள் இருவருக்கும் தன் வாயால் சொல்லட்டும். மருத்துவர் ஒருவர் பரிசோதித்து மனத்தெளிவைப் பற்றி எழுதித் தரட்டும். உங்களுக்குத் தொடர்பில்லாத ஒரு நொத்தாரிசு அவரோடு தனியே பேசட்டும். சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமையை, அவர் தன்னிடமே வைத்துக் கொள்ளட்டும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் விலகி நில்லுங்கள்.

ஞாபகமறதியும் ஆசுப்பத்திரிக் கையெழுத்தும்

உறுதிக்காக இல்லாவிட்டாலும் பெரியம்மாவை ஒருமுறை போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். வயது போனால் இப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். கிருமித் தொற்று, சத்துக் குறைவு, மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவற்றாலும் மறதி வரலாம், அவற்றில் சில சிகிச்சையால் சீராகும்.

அவசரத்துக்குக் கையெழுத்து வைக்க உங்களுக்கு உரிமை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். சுயநினைவும் தெளிவும் உள்ள வயதுவந்த ஒருவருக்கு அவரே சம்மதம் சொல்வார்; மகனின் கையெழுத்தும் தேவையில்லை, உங்களுடையதும் தேவையில்லை. உயிர் ஆபத்தான நேரத்தில் வைத்தியர்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்க மாட்டார்கள். இடைப்பட்ட நிலைகளில்தான் சிக்கல். அதற்காக, தெளிவாக இருக்கும் ஒரு காலை வேளையில், 'என் பராமரிப்புப் பற்றி முதலில் இவரோடு பேசவும்' என்று பெரியம்மா எழுதி, பிள்ளைகள் இருவரும் அதற்கு இணங்கியதை எழுத்தில் பெற்று, கிளினிக் கொப்பியோடு சேர்த்து வையுங்கள். அற்றோணித் தத்துவம் (தனக்காகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தாலோ இறந்தாலோ அது செயலற்றுப் போகும். அந்த நிலை வந்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடிப் பராமரிப்பாளர் நியமனம் பெற வேண்டியவர்கள் பிள்ளைகள்தான்.

அந்த வழியும், விட்டுவிடலாமா என்ற கேள்வியும்

மதிலில் உள்ள வழியைப் பற்றி நீண்ட பதில் தேவையில்லை. மதில் உங்கள் வளவுக்குள் இருந்தால் அதைத் திறந்து வைப்பதும் அடைப்பதும் உங்கள் விருப்பம். அந்தப் பக்கத்தில் கால் வைப்பதற்குப் பெரியம்மாவின் அனுமதி போதும். மகன் இன்னும் அந்த வீட்டின் உரிமையாளர் அல்ல. நீங்களும் அதைப் பாதை உரிமை என்று எங்கும் பேச வேண்டாம்.

சட்டப்படி உங்களுக்கு அவரைப் பராமரிக்கும் கடமை இல்லை. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கடமையைப் பிள்ளைகள் மீதே சுமத்துகிறது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்பைக் கோரி முறையிடவும் அது இடம் தருகிறது. ஆனால் நாளைக் காலைத் தேத்தண்ணியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் இருக்க உங்களால் முடியாது. உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கம் அதைச் சொல்கிறது. முடிந்தாலும் அப்படிச் செய்ய வேண்டாம். எட்டு வருடம் உங்களையே நம்பியிருந்த ஒருவரை முன்னறிவித்தல் இல்லாமல் தனியே விடுவது அவருக்கு ஆபத்து. ஏதும் நடந்தால் முதல் விரல் உங்களை நோக்கித்தான் நீளும். விலகுவதென்று தீர்மானித்தால் பிள்ளைகள் இருவருக்கும் ஒரு மாதம் முன்னரே எழுத்தில் அறிவியுங்கள். பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தித்து விடயத்தைச் சொல்லி வையுங்கள். விலகாவிட்டாலும் அவரைச் சந்திப்பது நல்லது. இப்படி ஒருவர் இப்படி ஒருவரைப் பார்த்து வருகிறார் என்பது அரச அலுவலகத்தில் ஒரு பதிவாக இருக்கும்.

மகனோடு பேசுங்கள். கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தால் அயல் அந்த இடைவெளியை நிரப்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று மகளையும் தொடர்பில் இணைத்து, பெரியம்மாவைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு, நகை, கணக்கு, இனிவரும் மாதங்களுக்கான ஏற்பாடு என்ற மூன்றை மட்டும் பேசுங்கள். கடப்படியில் அவர் பேசியதை அன்று எடுக்க வேண்டாம். வீட்டைப் பற்றி அவரே எடுத்தால், "அது உங்கட அம்மாட விசயம், அவவோட கதையுங்க" என்று சொல்லி நிறுத்துங்கள். அந்த ஒரு பதில் அவருடைய சந்தேகத்தில் பாதியை எடுத்துவிடும். பேச்சு முறிந்தால், நீங்களே மத்தியஸ்த சபைக்கு எழுதலாம். 1988 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இயங்கும் அந்தச் சபைகளை நம் ஊரில் இணக்கசபை என்பார்கள். அங்கே சட்டத்தரணிக்குக் கட்டணம் இல்லை, எனக்கும் வேலை இல்லை. பொலிசில் முறைப்பாடு பதியப்பட்டு உங்களை அழைத்தால் மட்டும் தனியே போக வேண்டாம். கட்டணம் செலுத்த வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையம் உதவும்.

அங்கே போகும்போது கணக்குக் கொப்பி, வங்கிக் கூற்று, சிட்டை ஆகியவற்றோடு அந்தக் கொப்பி ஒற்றையையும் கொண்டு போங்கள். செல்லாத கடதாசிதானே என்று கோபத்தில் கிழித்துவிட வேண்டாம், மறைத்து வைக்கவும் வேண்டாம். பெரியம்மாவின் கையெழுத்து எந்தத் திகதியில் எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதற்கு இன்று உங்களிடம் உள்ள ஒரே சான்று அது. அடகுத் தவணை முடிய ஐந்து கிழமைதான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கடிதம் என் கைக்கு வந்து ஒரு கிழமை ஆகிவிட்டது.